அம்மா பேசிய 47 நிமிடம்: அறுந்த கேசட்டை மீட்ட அனுபவம்

நேற்று இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. அம்மாவின் குரல் முழுதாக, 47 நிமிடம், கணினியில் ஏறிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் பழைய கேசட்டும் அதற்குள் தங்கள் ஆட்களின் குரலும் வைத்திருப்பவர்கள், நான் செய்த தவறுகளையாவது செய்யாமல் இருக்கலாம்.

அம்மா 1934இல் பிறந்தவள். 91 வயது வரை இருந்தாள். நாலு பிள்ளைகள், ஆறு பேரக்குழந்தைகள், இரண்டு கொள்ளுப்பேரன்கள் எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். போய் எட்டு மாதமாகிறது. அவள் அலமாரியை ஒழுங்கு செய்தபோது, தையல் சாமான் பெட்டிக்கு அடியில், துணியில் சுற்றிய ஒரு கேசட் கிடைத்தது. மேலே அவள் கையெழுத்து: "பேத்தி கேட்டது. 1998. அழிக்க வேண்டாம்."

உடனே நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிவரப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இவள் எழுதச் சோம்பல்பட்டு டேப் ரெக்கார்டரை எடுத்துப் போய் பாட்டி முன்னால் வைத்துவிட்டாள். எழுதிக் கொடுத்த தாள் எப்போதோ தொலைந்துவிட்டது. கேசட்டை அம்மா 27 வருடம் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

முதல் தவறு அன்று மாலையே நடந்தது. பரணில் கிடந்த எங்கள் பழைய டேப் ரெக்கார்டரை எடுத்து, தூசி தட்டி, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கேசட்டைப் போட்டேன். வேறு எந்தக் கேசட்டையும் போட்டுச் சோதிக்கவில்லை. ஆசை அவசரப்படுத்திவிட்டது. மகளின் சின்னக் குரல் வந்தது. அடுத்து அம்மா, "சொல்லு, எங்கேருந்து ஆரம்பிக்க?" என்றாள். அதோடு குரல் இழுபட்டு, கனத்து, நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு வெளியே தொங்குகிறது. பதற்றத்தில் இழுத்தேன். அறுந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நாடாவைச் சுற்றி வாங்கும் சக்கரத்தை ஓட்டுகிற பெல்ட் பழசாகித் தளர்ந்திருந்தது. நாடாவைத் தள்ளும் ரப்பர் உருளையோ பிசுபிசுவென்று ஆகியிருந்தது. ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் வாங்க ஆளில்லை. எந்தப் பழைய இயந்திரத்திலும் முதலில் போட வேண்டியது போனால் போகட்டும் என்கிற கேசட்டைத்தான்.

அன்று இரவு தங்கையிடம் சொல்லவும் துணிவில்லை. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நல்ல விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேலையாக, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்தேன். அவை இருக்கும்வரை யார் கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழிந்துவிடும். "அழிக்க வேண்டாம்" என்று எழுதி வைத்தவளுக்கு அந்தத் தடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

கேசட் கூட்டில் ஐந்து ஸ்க்ரூ, நாலு மூலையிலும் நடுவிலும். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியே மூடிய கூடுகளும் உண்டு. அதைப் பிளப்பது தனி வேலை. அந்த வகையில் இது தப்பித்தது. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் முக்கியம். அளவு தப்பினால் தலை தேய்ந்துவிடும். கேசட்டைப் படுக்கையாக வைத்தபடியே மேல் மூடியை மட்டும் தூக்க வேண்டும். உள்ளே இரண்டு சக்கரம், ஓரத்தில் இரண்டு சின்ன உருளை, மேலும் கீழும் வழுவழுப்பான தாள், நடுவில் செப்புப் பட்டை மேல் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு. அந்தத் துண்டு பசை காய்ந்து விழுந்து கிடந்தது. நாடாவை ஹெட்டோடு, அதாவது இயந்திரத்தில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் உலோகத் தலையோடு, அழுத்திப் பிடிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஒலி மங்கலாக வரும்.

இங்கே இன்னொரு தவறு. அந்தத் துண்டை உடனடிப் பசை வைத்து ஒட்டினேன். பசை கம்பளிக்குள் ஊறி, காய்ந்து, கல்லாகிவிட்டது. நாடா அதில் உரசினால் கிறீச்சிடும். நல்ல வேளையாக, பழகிப் பார்ப்பதற்காக அதே 60 நிமிட அளவில் ஸ்க்ரூ போட்ட பழைய கேசட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதன் நாடாவைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, கூட்டை அம்மாவின் நாடாவுக்குக் கொடுத்தேன். கூட்டைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே நல்லது. அம்மா எழுதிய பழைய கூட்டை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

கசங்கிய நாடாவை என்ன செய்வது? இளஞ்சூடு காட்டினால் நிமிரும் என்று எங்கோ கேள்விப்பட்டது. பயிற்சி நாடாவில் சூடான கரண்டியின் முதுகை வைத்துப் பார்த்தேன். சுருண்டு கொண்டது. பாலியெஸ்டர்தானே. 60 நிமிடக் கேசட்டில் நாடாவின் தடிமன் ஏறக்குறைய 18 மைக்ரான். தலைமுடியில் கால் பங்கு இருக்கும். 90 நிமிடக் கேசட்டில் இன்னும் மெலிசு. சூட்டை மறந்துவிட்டு, பருத்திக் கையுறை போட்டு, மடிப்பு மடிப்பாக விரலால் நீவினேன். பிறகு அறுகோணப் பென்சிலால் இறுக்கமாகச் சுற்றி இரண்டு நாள் அப்படியே விட்டேன். நாடா தன் அழுத்தத்திலேயே பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது.

நீவுவதற்கு முன்னால் கசங்கிய பகுதியை அளந்தேன். 57 சென்டிமீட்டர். கேசட் நாடா ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். வகுத்தால் 12 நொடி. அம்மாவின் பேச்சில் 12 நொடி என் விரல்களுக்கு நடுவே கிடக்கிறது, பழுப்பு நிறத்தில். அதில் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரியாமல் அதை நீவிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் யாரிடமும் பேசவில்லை.

நாடாவின் ஒரு பாதி அகலத்தில் முதல் பக்கமும் மறுபாதியில் இரண்டாம் பக்கமும் இருக்கும். முதல் பக்கத்தின் தொடக்கம்தான் இரண்டாம் பக்கத்தின் முடிவு. ஓரிடத்தில் அறுந்தால் இரண்டுக்கும் அடி. இங்கே இரண்டாம் பக்கம் 17 நிமிடத்தோடு நின்றிருந்ததால் அந்த முனை வெறுமையாக இருந்தது. அதனால் சேதம் ஒரு பக்கத்தோடு போயிற்று.

ஒட்டுவதற்குச் சாதாரண ஒட்டுத் தாள் கூடாது. அதன் பசை மெல்லக் கசிந்து மேல் சுற்றையும் கீழ் சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். கேசட் நாடாவுக்கென்றே குறுகிய ஒட்டுப் பட்டை கிடைக்கிறது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். பட்டை அதைவிடத் துளி குறைவாக இருந்தால்தான் ஓரத்தில் பிதுங்காது. இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 45 பாகைச் சாய்வில், புது பிளேடால் ஒரே வெட்டு. நேராக வெட்டினால் அந்த இடத்தில் டக்கென்று கேட்கும், சாய்த்து வெட்டினால் வழுக்கிப் போய்விடும். பட்டையை உள்பக்கம் ஒட்ட வேண்டும். ஹெட்டைத் தொடுவது வெளிப்பக்கம். பயிற்சி நாடாவில் பதினான்கு முறை வெட்டி ஒட்டிய பிறகே அம்மாவின் நாடாவைத் தொட்டேன். வெட்டில் போனது இரண்டு மில்லிமீட்டர். நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

கேசட் ஓட்டும் நல்ல டெக் ஒன்றை நண்பர் கொடுத்தார். அதிலும் பெல்ட் தளர்ந்துதான் இருந்தது. பழைய பெல்ட்டை அளந்து புதிது வாங்கும்போது சற்றுச் சின்னதாக வாங்க வேண்டும். பழசு நீண்டு போயிருக்கும், அதே அளவு வாங்கினால் புதிதும் தொளதொளவென்றே இருக்கும். நான் அதே அளவு வாங்கி, திரும்பவும் ஒன்று வாங்கினேன். ஹெட்டையும் நாடா தொடும் உலோகப் பகுதிகளையும் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். ஐந்தாவது குச்சிதான் வெள்ளையாக வந்தது.

பிறகு ஹெட்டின் சாய்வு. 1998இல் பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் இதுவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை ஓடும்போதே மிக மெதுவாகத் திருப்பிக் கேட்க வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவுதான் தேவைப்பட்டது. "சின்னப் புள்ளையில" என்று அம்மா சொல்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு நிலையில் அந்த முதல் எழுத்து பளிச்சென்று வந்தது. போர்வைக்குள்ளிருந்து பேசியவள் போர்வையை விலக்கிவிட்டு எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. அங்கேயே நிறுத்தினேன்.

முதல் தடவை பதிவு செய்ததை மகளுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு, "பாட்டி குரல் இப்படி இருக்காதுப்பா, ரொம்பச் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள். 64 வயதில் கொஞ்சம் இளமையாகத்தான் இருந்திருப்பாள் என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் விடவில்லை. ஒன்பது வயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காது அது.

அவள் சொன்னதே சரி. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரை மின்சாரத்தில் செருகிப் பதிவு செய்திருந்தால், மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரமும் நாடாவில் ஏறியிருக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பேச்சில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து அலைவரிசை வரைபடம் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு மேடுதான் தெரிந்தது. வரைபடத்தின் நுணுக்க அளவை 1024இல் வைத்திருந்ததால் அவ்வளவு நுணுக்கம் வரவில்லை. 65536க்கு மாற்றியதும் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. 50இல் ஒரு மேடு, 52இல் ஒரு மேடு. 50 இப்போது ஓடும் டெக்கின் ரீங்காரம். 52 அம்மா பேசிய நாளின் ரீங்காரம். அதுவும் 50ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆக நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது.

டெக்கின் மோட்டார் முதுகில் ஒரு சின்னத் துளை, அதற்குள் வேகத்தைச் சரிசெய்யும் திருகு. துளித் துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வரைபடம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் இரண்டு மேடும் ஒன்றாகச் சேர்ந்தன. மறுபடி முழுக்க ஓட்டினேன். முதலில் 45 நிமிடமாக வந்தது இப்போது 47 ஆயிற்று. அம்மா இன்னும் இரண்டு நிமிடம் கூட இருந்தாள். குரலும் அவள் குரல்தான். மகளிடம் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அழுதாள்.

அந்த இரண்டாவது ஓட்டமும் வீணாகிவிட்டது. அம்மா பேசுவது தணிந்த குரலில். அதற்கேற்றாற்போல ஒலியளவை உயர்த்தி வைத்திருந்தேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், முன்னறிவிப்பே இருக்காது, வீடே அதிரும். அந்த இடமெல்லாம் உடைந்து பதிவாகியிருந்தது. மூன்றாம் முறை, அவள் சிரிப்பை வைத்தே அளவைக் குறித்தேன். அவள் எவ்வளவு உரக்கச் சிரித்தாலும் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி. பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, அதாவது ஒற்றைத் தடம். கோப்பு ஏறக்குறைய 400 மெகாபைட் வந்தது. ஒரே மனுஷி பேசுவதற்கு இதுவே தாராளம்.

இனி நான் செய்ததிலேயே பெரிய தவறு. இரைச்சலை நீக்கினேன்.

அம்மா பேசும்போது தைத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். பின்னால் முழுக்க மிதி மெஷின் சத்தம். அதோடு நாடாவின் உஸ்ஸென்ற ஒலி. பேச்சு மட்டும் தெளிவாக வேண்டும் என்று 24 டெசிபல் அளவுக்குக் குறைத்தேன். உஸ்ஸும் மெஷினும் போயின. கூடவே அவள் மூச்சும் போயிற்று. வார்த்தைகளின் வால் அறுந்தது. குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் தெளிவாகத்தானே இருக்கிறது என்று, அதை வைத்தே எழுத்தில் இறக்க ஆரம்பித்தேன்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மகள் கேட்கிறாள்: "தாத்தா செத்துப் போனப்ப நீங்க என்ன செஞ்சீங்க பாட்டி?"

சுத்தம் செய்த பதிவில் அடுத்து ஒரு வெறுமை. பிறகு அம்மாவின் பதில்: "என்ன செய்ய? மறுநாளே மெஷின்ல உக்காந்தேன்." அவ்வளவுதான். சட்டென்று கடந்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா அப்படித்தான், கெட்டிக்காரி, எதற்கும் கலங்க மாட்டாள் என்று நாங்கள் நால்வரும் காலமெல்லாம் சொல்லி வந்ததுதானே.

ஒரு வார்த்தை விளங்கவில்லை என்று அந்த இடத்துக்கு மூலப் பதிவை எடுத்துப் போட்டேன். கேள்வி வருகிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு மெஷின் நிற்கிறது. படிப்படியாக இல்லை, காலை எடுத்த மாதிரி நிற்கிறது. நாடாவின் உஸ் மட்டும். 11 நொடி. நடுவில் ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறாள், அதை வெளியே விடும் சத்தம் கேட்கவே இல்லை. பிறகு மெஷினின் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பும் ஒலி. மிதி தொடங்குகிறது. அதற்கப்புறம்தான் "என்ன செய்ய?" என்கிறாள்.

47 நிமிடத்தில் மெஷின் அப்படி நின்றது அந்த ஒரே இடத்தில். நூல் மாற்ற நிறுத்துவது வேறு மாதிரி இருக்கும், கத்தரி எடுக்கும் சத்தம் கூடவே வரும். 11 நொடி என்றால் நாடாவில் 52 சென்டிமீட்டர். அதில் சொல் ஒன்றும் இல்லை. 1972இல் அப்பா போனபோது அவளுக்கு 38 வயது, எங்களில் கடைசித் தம்பிக்கு இரண்டு. அந்த வருடத்தைப் பற்றி அவள் எங்களிடம் பேசியதே இல்லை. இத்தனை காலம் கழித்து, பேத்தி கேட்டபோது, மெஷினிலிருந்து காலை எடுத்திருக்கிறாள். நான் அதை இரைச்சல் என்று நீக்கியிருந்தேன்.

சுத்தம் செய்த கோப்பை ஒதுக்கிவிட்டேன். இப்போது 6 டெசிபல் மட்டும் குறைத்த பிரதி ஒன்று, கேட்க வசதியாக. தொடாத மூலம் தனியாக. செய்யப் போகிறவர்கள் எதைச் செய்தாலும் மூலத்தை முதலில் பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள்.

எழுத்தில் இறக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 47 நிமிடத்துக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. முதலில் அவள் பேச்சையெல்லாம் திருத்தமான நடையில் எழுதினேன். "இயந்திரத்தை மிதித்தே நால்வரையும் வளர்த்தேன்" என்று. தங்கை படித்துவிட்டு, "அண்ணா, இது அம்மா இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னபடியே எழுதினேன்: "மெஷினை மிதிச்சு மிதிச்சே நாலையும் கரையேத்திட்டேன்." மூன்று இடம் விளங்கவில்லை. ஒன்றைத் தங்கை கண்டுபிடித்தாள். மற்ற இரண்டிலும் ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டு நிமிடத்தைக் குறித்திருக்கிறேன். கல்யாணத்தின்போது தனக்கு 17 வயது என்கிறாள், வீட்டிலுள்ள தாள் 18 என்கிறது. இரண்டையும் எழுதி வைத்தாயிற்று. அந்தக் கசங்கிய 12 நொடியில் இருந்தது அவள் பிறந்த கதை. "முப்பத்தி நாலுல, நல்ல மழையாம், வீட்டுக்குள்ள தண்ணியாம், என்னைத் தூக்கி வைக்க எடமில்லையாம்." குரல் அங்கங்கே அமிழ்ந்து எழுகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது.

நாலு பிரதி எடுத்திருக்கிறேன். இரண்டு என்னிடம், தனித்தனி வட்டுகளில். ஒன்று தங்கையிடம், ஒன்று மகளிடம். மொத்தமாக எனக்கு ஆன நேரம் 40 மணிக்கு மேல். அதில் பாதி நானே உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்யப் போனது. அடுத்த முறை மகளையும் தங்கையையும் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். என் காதுக்கு எட்டாதது அவர்கள் காதுக்கு எட்டியது.

ஒன்று மனதில் கிடந்து உறுத்துகிறது. கடைசிப் பத்து வருடம் என் சட்டைப்பையில் எப்போதும் கைபேசி இருந்தது. எண்பது வயதில் அவள் பேரப்பிள்ளைகளிடமிருந்து எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டு எனக்கே செய்தி அனுப்பினாள். ஆனால் நான் ஒரு மாலைகூட அவள் பேசியதைப் பதிவு செய்யவில்லை. ஒன்பது வயதுப் பெண் செய்ததுதான் எங்களிடம் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதின்மூன்றாவது நிமிடத்தில் அம்மா, "போதும் கண்ணு, நிறுத்திட்டு வெளையாடப் போ" என்கிறாள். மகள் ஓடிவிட்டாள் போலிருக்கிறது, நிறுத்தவில்லை. அதன்பிறகு நாலு நிமிடம் மெஷின் மட்டும் ஓடுகிறது. ஒரு தையல் முடிகிறது, நூலைக் கத்தரிக்கிறாள், துணியைத் திருப்புகிறாள், மறுபடி மிதிக்கிறாள். இடையில் ஏதோ பாட்டை வாய்க்குள் முனகுகிறாள். பிறகு யாரோ வந்து பொத்தானை அழுத்துகிறார்கள்.

இரைச்சல் நீக்கிய கோப்பில் அந்த நாலு நிமிடம் வெறும் மௌனமாக இருந்தது. வெட்டிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அம்மாவின் மெஷின் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. மூலப் பதிவின் கடைசிப் பகுதியை நேற்று இரவே அவளுக்கு அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: "இடது பக்கத்து ஸ்பிரிங் அப்பவே சத்தம் போட்டிருக்கு அண்ணா. இப்பவும் அப்படித்தான் போடுது. எண்ணெய் விடப் போறதில்ல."